தோல் மண்டியில் ஏணை கட்டின வருஷம்

பொய்யி. சுத்தப் பொய்யி. எந்தக் குழந்தையையும் யாரும் தொட்டியில போடல. உனக்கு இதை யார் சொன்னது, கோலார்லயா? அங்க வரைக்கும் போயிடுச்சா அந்தச் சேதி! நாமன்னா ரயிலுக்குக் காத்துக்கிட்டு ஸ்டேஷன்ல கிடக்கணும், வதந்தி எப்படித்தான் நமக்கு முன்னாடி போய் எறங்குதோ தெரியல.

உக்காரு மே. அந்த முறத்தை அந்தாண்ட தள்ளிட்டு நல்லா காலை நீட்டி உக்காரு. நீ புருஷன் கூட தங்கச் சுரங்கத்துக்குப் போய் ஒண்ணரை வருஷத்துக்கு மேல ஆச்சு. இங்க நடந்தது ஒண்ணும் உனக்குத் தெரியாது. யாரோ பாதியைக் கேட்டுட்டு மீதியை இட்டுக்கட்டி உன்கிட்ட சொல்லியிருக்காங்க. நான் முழுசா சொல்றேன் கேளு. நான் அங்கயே கிடந்தவ. என்னைவிட யாருக்குத் தெரியும்?

நீ போறப்ப என் மருமகளுக்கு மாசம் நெருங்கிட்டு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? நீ போன கொஞ்ச நாள்லயே வலி எடுத்துச்சு. பொண்ணு. மருத்துவச்சி குழந்தையைக் குளிப்பாட்டி என் கையில குடுக்கறப்ப அவ மூஞ்சி சரியில்ல. துணியை விலக்கிப் பார்த்தேன். ரெண்டு பாதமும் உள்ளார மடங்கி, உள்ளங்கால் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கிட்டு இருக்கு. நாம கை கும்பிடறோமே, அந்த மாதிரி காலாலே கும்பிட்டுக்கிட்டு வந்து பொறந்திருக்கா.

ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. கிரகணத்தப்ப மருமக அருவாமணையில கத்திரிக்கா அரிஞ்சாளாம். அன்னிக்கு வீட்ல கத்திரிக்காயே இல்ல, அது எனக்குத் தெரியும். சம்பந்தியம்மா ஒரு பக்கம் மூக்கைச் சிந்தறா. "பொண்ணா பொறந்து காலும் கோணையா இருந்தா எவன் வந்து கட்டுவான்?"

"கட்டறவன் வர்றதுக்கு இன்னும் நாள் இருக்குது சம்பந்தி. மொதல்ல அவ நடக்கட்டும்"னு சொன்னேன். சொல்லிட்டேனே தவிர எப்படி நடப்பான்னு எனக்கு இன்னா தெரியும்? ஆனா சொல்லிட்டா சொன்னதுதான். நடக்க வெச்சே தீரணும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

ரயில் ரோட்டுக்கு அந்தாண்ட குழந்தைங்களுக்குன்னே மிஷன்காரங்க ஒரு ஆஸ்பத்திரி வெச்சிருந்தாங்க இல்ல? ஆஸ்பத்திரின்னதும் பெரிசா நினைச்சுக்காத. வாடகைக்கு எடுத்த ஓட்டு வீடு. முன்னாடி ஒரு ரூம்பு, பின்னாடி ஒரு ரூம்பு. மழை பெஞ்சா குழந்தையை நனையாத எடத்துக்கு மாத்தறதே ஒரு வைத்தியம். அங்க ஒரு டாக்டரம்மா, ஒரு நர்சம்மா. டாக்டரம்மா வெள்ளைக்காரி இல்ல, நம்ம மாதிரிதான். ஆனா தெக்கத்தி. திருநெல்வேலிப் பக்கம். அவங்க பேசறது எனக்குப் பாட்டு மாதிரி இருக்கும், பாதி புரியாது.

குழந்தையைத் தூக்கிட்டுப் போய் அவங்க முன்னாடி வெச்சேன். அழக்கூடாதுன்னுதான் போனேன், அழுகை வந்துடுச்சு.

"ஏன் ஆச்சி அழுதீங்க? பிள்ளைக்குக் கால் இருக்குல்லா? இருக்கிற காலைத்தான நேராக்கணும்."

"நேராவுமா?"

"ஆகும். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பி மாவுக்கட்டுப் போடணும். ஒரு வருசம் பிடிக்கும். நடுவுல விட்டா பழையபடி மடங்கிரும். விட்டுர மாட்டீங்களே?"

"நீங்க விடாம இருந்தா நான் விட மாட்டேன்"னு சொன்னேன்.

அவ்வளவுதான் எங்க ஒப்பந்தம். மருமக தோல் பதம் பண்ற ஆவாரம்பட்டையை இடிக்கக் கூலிக்குப் போறவ, அவளால வர முடியாது. நான்தான் தூக்கிட்டுப் போவேன். வெந்நியில காலை ஊற வெச்சு பழைய கட்டைப் பிரிச்சு, டாக்டரம்மா அந்தக் குட்டிப் பாதத்தைக் கட்டை விரலால அமுக்கிப் புடிச்சுத் திருப்புவாங்க. குழந்தை வீறு வீறுன்னு கத்தும். அப்புறம் மாவுத் துணியைச் சுத்தி காயற வரைக்கும் புடிச்சுக்கிட்டே இருப்பாங்க. நான் அது வரைக்கும் சும்மா உக்கார மாட்டேனே. அங்க கிடக்கற துணியை அலசுவேன், கஞ்சிப் பானையைத் தேய்ப்பேன். ஒரு நாள் டாக்டரம்மா கேட்டாங்க, "ஆச்சி, இங்க ஆயா வேலைக்கு ஆள் வேணும். வாரீங்களா?"

"நான் ஏற்கெனவே ஆயாதானே? பேத்தி இருக்குதே. அதை எதுக்கு வேலைன்றீங்க?"

நர்சம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ஆஸ்பத்திரியில குழந்தைங்களைப் பார்த்துக்கற வேலைக்காரிக்கும் ஆயான்னுதான் பேராம். எனக்கு சௌகரியமா போச்சு. வீட்லயும் ஆயா, அங்கயும் ஆயா. அங்க வர்ற குழந்தைங்களும் என்னைச் சொந்த ஆயான்னே நினைச்சுக்கும். சரி சரின்னு விட்டுட்டேன்.

அப்புறம்தான் வந்துச்சு பேஜாரு. ஓட்டு வீட்டுக்காரன் பையனுக்குக் கல்யாணம், வீட்டைக் காலி பண்ணுங்கன்னுட்டான். வேற எடம் எவனும் தர மாட்டேன்றான். சீக்குக் குழந்தைங்கன்னா வீடு விளங்காதாம். டாக்டரம்மா சும்மா இருப்பாங்களா? கொடையை எடுத்துக்கிட்டு, "ஆச்சி, வாங்க"ன்னு என்னையும் கூட்டிக்கிட்டு, வெயில்ல நடந்தே போய் நம்ம சாயபு மண்டியில நின்னாங்க. என் புள்ளை வேலை செய்றானே, அந்த மண்டிதான். எனக்கு உதறல். முதலாளி எதிர்ல நான் இது வரைக்கும் நின்னதே இல்ல.

உப்புப் போட்ட தோலு ஆள் ஒசரத்துக்கு அடுக்கியிருக்கு. நாத்தம் உனக்குத் தெரியாதது இல்ல. சாயபு பதறிட்டார். "அம்மா, இங்க வாசனை ஜாஸ்தி. வெளியே மரத்தடியில பேசலாமே."

"பரவாயில்லங்க. நான் தினம் இதைவிட மோசமான நாத்தத்துலதான் நிக்குதேன்."

முந்தானையை மூக்குக்குக் கொண்டு போகாமலேயே பேசினாங்க. அதுலதான் சாயபு விழுந்துட்டார்னு நான் இன்னிக்கும் சொல்வேன். வெள்ளைக்காரச் சண்டை முடிஞ்சதும் தோல் விலை படுத்துக்கிச்சே, அப்ப அவர் பூட்டிப் போட்ட பழைய மண்டி ஒண்ணு ஆத்தோரம் காலியா கிடந்துச்சு. அதைத் தர்றேன்னார். ஆனா வியாபாரி இல்லையா, சும்மா குடுப்பாரா?

"அடுத்த ரம்ஜான் வரைக்கும் வெச்சுக்குங்க அம்மா. அதுக்குள்ள குழந்தைங்க வந்து நெறஞ்சுதுன்னா எடம் உங்களுது. காலியா கெடந்தா நான் மறுபடி தோலைத் தொங்க விட்டுருவேன். வெறும் செவுத்துக்குக் காவல் போட நமக்குக் கட்டாது."

"நெறையும்"னாங்க டாக்டரம்மா.

நான் வரும்போது வழியெல்லாம் கணக்குப் போட்டேன். இந்த எடம் போனா வேற எடம் இல்ல. எடம் இல்லன்னா டாக்டரம்மாவை அவங்க ஊருக்கே திருப்பி அனுப்பிடுவாங்க. அவங்க போனா என் பேத்தி காலு பாதி திரும்பினது திரும்பினபடி நிக்கும், அப்புறம் மெள்ள மெள்ள உள்ளார மடங்கிக்கும். அதனால, மே, அந்த மண்டி நெறையறது எனக்கு ஊர் விஷயம் இல்ல. என் வீட்டு விஷயம்.

சுத்தம் பண்ணோம் பாரு! செவுத்துல ஒரு விரக்கடைக்கு உப்புப் பூத்திருக்கு. மூலைக்கு மூலை ஆட்டு மயிரு. என் வீட்டுக்காரர் இருந்திருந்தா சிரிச்சிருப்பார். அவர் ஆயுசெல்லாம் தோல் ஊறப் போடற அந்தத் தொட்டியிலதான் நின்னார், சுண்ணாம்புத் தண்ணியில. சாகறப்ப கூட நகம் பழுப்பாத்தான் இருந்துச்சு. நான் அந்தத் தொட்டியை எல்லாம் பாலாத்து மணலை வண்டி வண்டியாக் கொட்டி மூடினேன். மூடறப்ப சந்தோஷமாத்தான் இருந்துச்சு. நாலு பக்கமும் வெள்ளை அடிச்சோம். மேல தோல் காயப் போடற கழிங்க மட்டும் குறுக்க நெடுக்க அப்படியே இருந்துச்சு. அதைக் கழட்ட ஆள் கிடைக்கல, விட்டுட்டோம். மெட்ராஸ்லேர்ந்து இரும்புக் கட்டில் வந்து எறங்குச்சு, குழந்தை விழாம இருக்க நாலு பக்கமும் கம்பி வெச்சது. எல்லாத்தையும் வரிசையாப் போட்டு, தண்டோராக்காரனைக் கூப்பிட்டு ஊருக்குச் சொல்லச் சொன்னாங்க. அவன் தெருத் தெருவாத் தட்டிக்கிட்டுப் போனான். நான் அன்னிக்கு உள்ளார தரை தேய்ச்சிட்டு இருந்தேன், அவன் இன்னா சொன்னான்னு என் காதுல விழல. அதுதான் வினை.

ஒரு குழந்தையும் வரல.

ஒண்ணு கூடன்னா ஒண்ணு கூட இல்ல. பழைய வீட்டுக்கு வந்துக்கிட்டு இருந்ததுங்க கூட வரல. டாக்டரம்மா காலையில வந்து கதவைத் தொறந்து வெச்சுட்டு உக்காருவாங்க. கட்டிலுங்க எல்லாம் வெள்ளைத் துணி போட்டுக்கிட்டு பேய் மாதிரி நிக்கும். மாவுக்கட்டு மாத்தற அன்னிக்கு என் பேத்தி மட்டும் அவ்வளவு பெரிய மண்டியில தனியாக் கத்துவா, அது செவுத்துல பட்டுத் திரும்பி வரும்.

ஆத்துல ஊத்து தோண்டித் தண்ணி மொள்ளப் போனேன். பொம்பளைங்க எல்லாம் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திட்டாளுங்க. எதுத்த தெரு வாயாடி இருக்காளே, அவ மட்டும் நிறுத்தல.

"இன்னா ஆயா, வேலையெல்லாம் ஜோரா? எத்தினி புள்ளைங்களை ஊறப் போட்டீங்க?"

"ஊறப் போடறதா? இன்னாடி ஒளர்றே?"

"அதான் மண்டியில குழந்தைங்களைத் தொட்டியில போடறாங்களாமே. சுண்ணாம்புத் தொட்டியில போட்டா சொறி, சிரங்கு, தோலு எல்லாம் உரிஞ்சிடுமாம்."

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறிடுச்சு. நான் இன்னா நினைச்சேன், பழைய மண்டின்றதால இப்படிப் பேசறாளுங்கன்னு நினைச்சேன். குடத்தை இறக்கி வெச்சேன். "அடியே, அங்க தொட்டியே இல்லடி! இருந்த தொட்டி எல்லாத்தையும் நானே என் கையால மணலைப் போட்டு மூடிட்டேன்டி!"

எல்லாரும் குடத்தை விட்டுட்டு என்னைச் சுத்தி வந்துட்டாளுங்க. அப்புறம் ஒருத்தி மெதுவாக் கேட்டா. "மூடிட்டியா ஆயா? உள்ளார இன்னா இருந்துச்சு?"

போச்சு. நான் வாயைத் தொறந்ததுல ஊர் இன்னும் கெட்டுப் போச்சு. குழந்தையை ஊறப் போட்டதும் இல்லாம மண்ணு போட்டும் மூடறாங்கன்னு ஆயிடுச்சு. உனக்குக் கோலாருக்கு வந்த சேதி அந்தச் சேதியாத்தான் இருக்கும். அதுக்கு ஊத்துத் தண்ணி ஊத்தி வளர்த்தது நான்தான்னு வெச்சுக்கயேன்!

டாக்டரம்மா கிட்ட ஓடினேன். "தொட்டி இருக்குதுன்னு பயப்படறாங்க அம்மா."

"தொட்டியத்தான் மூடிட்டமே? கூட்டிட்டு வாங்க, நானே காட்டுதேன்."

வீடு வீடாப் போனேன். வான்னு கையைப் புடிச்சு இழுத்தேன். எவளும் வரல. சில வீட்ல என்னைப் பார்த்ததும் குழந்தையை முந்தானைக்குள்ள மறைச்சாளுங்க. புள்ளை புடிக்கறவ மாதிரி ஆயிட்டேன் மே நான்! என் புள்ளையே சொன்னான், "போதும்மா, வுட்டுடு"ன்னு. "வுட்டா உன் பொண்ணு காலு?"ன்னேன். 

இப்படியே பொரட்டாசி போச்சு. ஐப்பசியில அடைமழை. பாலாத்துல தண்ணி வந்துச்சு, அதைப் பார்க்க ஊரே கரையில நின்னுச்சு. நானும்தான் போனேன், பொய் சொல்வானேன். செந்தண்ணி, மரமெல்லாம் அடிச்சுக்கிட்டு, ஒரு எருமை கூட... சரி அதை அப்புறம் சொல்றேன். அந்த மழையில ஒரு பொண்ணு கைக்குழந்தையோட மண்டி வாசல்ல வந்து ஒண்டினா. வைத்தியத்துக்கு வரல, மழைக்கு ஒதுங்கினா. நான் பார்த்தேன், குழந்தைக்கு மூச்சு வாங்குது. விலா எலும்பு உள்ள போய் உள்ள போய் வருது. விடுவேனா? புடிச்சு உள்ள இழுத்துட்டேன்.

டாக்டரம்மா குழந்தை மார்ல குழாய் வெச்சுப் பார்த்தாங்க. சளி ஜுரம். நாலு நாள் வெச்சுப் பார்க்கணும், கட்டில்ல போடுன்னாங்க. அந்தப் பொண்ணு கட்டிலைப் பார்த்தா, அதோட கம்பியைப் பார்த்தா. "மாட்டேன். என் புள்ளையைக் கூண்டுல போட மாட்டேன்"னா.

சொல்லிட்டு அவ செஞ்சதைக் கேளு. மூட்டையிலேர்ந்து பழம்புடவை ஒண்ணை எடுத்தா. மேல அண்ணாந்து பார்த்தா. தோல் காயப் போடற கழி இருக்குதே, அதும் மேல ஒரே வீச்சு. இந்தப் பக்கம் இழுத்து முடிச்சுப் போட்டா. குழந்தையை உள்ள போட்டு ஆட்ட ஆரம்பிச்சுட்டா. குழந்தை அழுகையை நிறுத்திடுச்சு.

நர்சம்மா கத்தறாங்க. "இதெல்லாம் இங்க கூடாது! எறக்கு, எறக்கு!"

டாக்டரம்மா கையைக் காட்டி அவங்களை நிறுத்திட்டாங்க. கிட்ட போய் முடிச்சை இழுத்துப் பார்த்தாங்க. உள்ளார எட்டிப் பார்த்தாங்க. குழந்தை தலைப் பக்கம் கொஞ்சம் ஒசரமா, சாஞ்சாப்பல இருக்கு, மூச்சு கொஞ்சம் லேசா வருது. அவங்களுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்தப் பொண்ணு தோளைத் தட்டி, "இருக்கட்டும், இருக்கட்டும். தொட்டில் நல்லாத்தான் கட்டியிருக்க"ன்னாங்க.

"தொட்டியா!"

ஒரே அலறல். குழந்தையை வாரி எடுத்துக்கிட்டு வாசலைப் பார்த்து ஓடறா. நான் குறுக்க விழுந்து முந்தானையைப் புடிச்சேன். "தொட்டி இல்லடி! ஏணைடி ஏணை! நம்ம ஏணையைத்தான் அவங்க ஊர்ல அப்படிச் சொல்..."

சொல்லிக்கிட்டே இருக்கறப்பவே என் நாக்கு நின்னு போச்சு.

திரும்பி டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவங்களும் என்னைப் பார்த்தாங்க. "அம்மா, தண்டோராக்காரன் கிட்ட நீங்க இன்னான்னு சொல்லி அனுப்பினீங்க?"

"புது இடத்துல பிள்ளைகளுக்குத் தொட்டில் போட்டிருக்கு, காசு வேண்டாம், கொண்டு வாங்கன்னு சொல்லுன்னேன்."

அவன் தெருவுல இன்னா சொன்னான்னு அப்புறம் விசாரிச்சோம். "இதனால சகலமானவங்களுக்கும் தெரிவிக்கறது இன்னான்னா, பழைய தோல் மண்டியில குழந்தைங்களுக்குத் தொட்டி தயாரு! ஜுரமோ பேதியோ, கொண்ணாந்து போட்டுடுங்கோ!" டம டம டம. நீயே சொல்லு, நம்ம ஊர்ல தொட்டின்னா எது? பொறந்ததிலேர்ந்து நாம ஏணைன்னு சொல்லி வளர்ந்தவங்க. நமக்குத் தொட்டின்னா ஒண்ணே ஒண்ணுதான், தோலு ஊறற தொட்டி. எனக்கே ரெண்டு மாசமாத் தட்டுப்படலயே! நான் அங்க தரையில உக்காந்து சிரிச்சேன் பாரு, வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். டாக்டரம்மா சிரிச்சு சிரிச்சு மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாங்க. அந்தப் பொண்ணு மட்டும் சிரிக்கல. எங்களுக்குப் பைத்தியம்னு நினைச்சிருப்பா. ஆனா மறுபடியும் ஏணையைக் கட்டினா.

தண்டோராக்காரனைக் கூப்பிட்டுக் கேட்டா அவனுக்குக் கோவம். "அந்தம்மா சொன்னதைத்தானே சொன்னேன்? பறை சத்தத்துல கடைசி எழுத்து எவனுக்குக் கேக்குது?" சரிப்பா, இந்த வாட்டி ஏணைன்னு சொல்லுன்னு அனுப்பினோம். அதோட விடல நான். அந்தப் பொண்ணு குழந்தைக்கு ஜுரம் விட்டு, பால் குடிச்சுக் கையை காலை ஆட்ட ஆரம்பிச்சதும், அவளையும் குழந்தையையும் கூட்டிக்கிட்டு நேரா ஆத்து ஊத்துக்கே போனேன். வாயாடி முன்னாடி நிறுத்தினேன்.

"பாருடி. தோலு உரிஞ்சிருக்குதா பாரு. நல்லா தொட்டுப் பாரு."

அவ தொட்டுப் பார்த்தா. கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தா. மறு நாள் அவ அக்கா குழந்தையைத் தூக்கிக்கிட்டு முதல் ஆளா வந்து நின்னது யாருன்ற? அவதான். வர்றப்பவே புடவையைக் கையில வெச்சுக்கிட்டு வந்தா.

அதுக்கப்புறம் நிக்க நேரமில்ல. இரும்புக் கட்டிலை எல்லாம் ஓரமாத் தள்ளிட்டாங்க, ரொம்ப முடியாத குழந்தைங்களுக்கு மட்டும் அது. மத்ததுக்கெல்லாம் ஏணை. அவங்கவங்க வீட்டுப் பழம்புடவை. டாக்டரம்மா ஒரே ஒரு சட்டம் போட்டாங்க, எந்தப் புடவையா இருந்தாலும் வெந்நியில கொதிக்க வெச்சுத்தான் கட்டணும்னு. கொதிக்க வெக்கறது என் வேலை. அம்மாக்காரிங்க சண்டைக்கு வருவாளுங்க, சாயம் போயிடுச்சுன்னு. "சாயம் போனா போவட்டும், குழந்தை போவாம இருந்தா சரி"ம்பேன். 

சாயபு வீட்டுப் பொம்பளைங்க, மேல்விஷாரத்துலேர்ந்து வர்ற அவங்க சொந்தக்காரங்க, முன் வாசல் வழியா வர மாட்டாங்க. ஆம்பளைங்க கண்ணுல படக்கூடாது, கோஷா இல்ல? தோல் வண்டி வர்ற பின் கேட்டு ஒண்ணு இருந்துச்சு. அதுக்கு மறைப்புக் கட்டி அவங்களுக்குன்னு விட்டாங்க. கிணறு தூர் வாரினாங்க. கஞ்சிக்குன்னு தனியா ஒரு கொட்டாய் போட்டாங்க. நம்ம பக்கத்துப் பொண்ணுங்க ரெண்டு பேர் நர்சு வேலை கத்துக்க வந்து சேர்ந்தாளுங்க. ஒருத்தி மொதல் நாள் ரத்தத்தைப் பார்த்து மயங்கி என் மேலயே விழுந்தா, இப்ப அவதான் ஊசி போடறா.

எல்லாம் நல்லதாவே நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். பங்குனி வெயில்ல பேதி வந்துச்சு. உப்புக் கஞ்சி, உப்புக் கஞ்சின்னு பாலாடையில ஊட்டி ஊட்டி என் கை மரத்துப் போச்சு. நெறைய பொழைச்சுதுங்க. ஒரு ஆம்பளைப் புள்ளை போயிடுச்சு. ரொம்ப லேட்டாக் கொண்டு வந்தாங்க. அம்மாக்காரி அழவே இல்ல. ஏணையை அவுத்து அதுலயே குழந்தையைச் சுத்தி எடுத்துக்கிட்டுப் போயிட்டா. போச்சு, இனிமே ஊர்ல பழைய பேச்சு பேசுவாங்க, எவளும் வர மாட்டான்னு நினைச்சேன். டாக்டரம்மா அன்னிக்கு சாப்பிடல. ஒரு வாரம் போயிருக்கும். அதே பொண்ணு வந்தா. இடுப்புல பக்கத்து வீட்டுக் குழந்தை, கூட அதைப் பெத்தவ. "பேதி ஆரம்பிச்ச உடனே இழுத்துக்கிட்டு வந்துட்டேன். இதையாவது புடிச்சு வெச்சுக்குங்க"ன்னா. அந்தக் குழந்தை பொழைச்சுக்கிச்சு. இப்பவும் அவளைப் பார்த்தா நான் எழுந்து நின்னுடுவேன்.

அதுக்குள்ள ரம்ஜான் வருது. நம்ம கெட்ட நேரம், தோல் விலை ஏற ஆரம்பிச்சுடுச்சு. சாயபு வீட்டுக் கணக்கப்பிள்ளை கயிறும் கையுமா வந்து எடத்தை அளந்துட்டுப் போறான். எத்தினி தோல் தொங்கும்னு கழியை எண்றான். என் பேத்திக்கோ காலு நேராயிடுச்சு, ஆனா உறுதியாகல. கட்டைப் பிரிச்சதும் பாதம் பழைய ஞாபகத்துல லேசா உள்ள திரும்பும். "இன்னும் கொஞ்ச மாசம் ஆச்சி, அது வரைக்கும் எப்படியாவது"ன்றாங்க டாக்டரம்மா. அவங்க சாமி கிட்ட அவங்க வேண்டினாங்க, நான் நம்ம கெங்கையம்மனை வேண்டினேன். சாயபுவும் அவர் பங்குக்கு அல்லாவைத்தான் கேட்டுட்டு வந்திருப்பார்.

நோன்பு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் மத்தியானம் வந்தார். கணக்கப்பிள்ளை பின்னாடி. நான் சொல்லி வெக்கல, எவளையும் கூட்டி வெக்கல. அன்னிக்கு வந்த கூட்டம் தானா வந்ததுதான். வாசல்ல கால் வெச்சார், நின்னுட்டார். கழிக்குக் கழி ஏணை. பச்சை, செவப்பு, கட்டம் போட்டது, சாயம் போனது. நடுவுல நடக்க வழி இல்ல. சாயபு நல்ல ஒசரம் இல்ல? குனிஞ்சு குனிஞ்சு ஒவ்வொரு ஏணைக்கும் அடியில பூந்து வர்றார். தொப்பி ஒரு புடவையில மாட்டிக்கிச்சு.

"இது யார் வூட்டுக் குழந்தைம்மா?"ன்னு அங்க ஏணை ஆட்டிக்கிட்டு இருந்தவளைக் கேட்டார்.

"நம்ம மண்டிதான் முதலாளி. சுண்ணாம்புல நிக்கறவர் புள்ளை."

அடுத்ததுக்குப் போனார். "இது?"

"நம்ம மண்டிதாங்க."

அப்புறம் அவர் கேக்கறதையே விட்டுட்டார்.

கணக்கப்பிள்ளை கயிறை நீட்டிக்கிட்டு நிக்கறான் ஒரு பக்கம். அங்க ஒருத்தி, அவன் யாருன்னு அவளுக்கு இன்னா தெரியும், "அண்ணே, நான் தண்ணி குடிச்சிட்டு வர்றேன், எழுந்துக்கப் போவுது, கொஞ்சம் ஆட்டுங்க"ன்னு ஏணையை அவன் கையில குடுத்துட்டுப் போயிட்டா. அவன் அளக்க வந்த கயிறைத் தோள்ல போட்டுக்கிட்டு ஆட்டறான்! நிறுத்தினா குழந்தை சிணுங்குது, மறுபடியும் ஆட்டறான். சாயபு திரும்பிப் பார்த்தார்.

"இன்னாப்பா, கணக்கு எடுத்தாச்சா?"

அவன் முகத்தைப் பார்க்கணும். டாக்டரம்மா சிரிக்கல, நெஞ்சு மேல கையைக் கட்டிக்கிட்டு நேரா நின்னாங்க. "நெறையும்னு சொன்னேன்"னாங்க.

சாயபு தாடியைத் தடவிக்கிட்டே மேல பார்த்தார். "தோலு எங்க வேணா காயும் அம்மா. இதை அவுக்கச் சொன்னேன்னா என் வூட்டுப் பொம்பளைங்களே எனக்குச் சோறு போட மாட்டாங்க. வெச்சுக்குங்க." ஆனா வியாபாரி வியாபாரிதான். பின்னாடி இருக்கற முற்றத்தை மட்டும் பட்டை கொட்டறதுக்கு எடுத்துக்கிட்டார். அந்தப் பட்டைத் தூசியில இன்னிக்கும் தும்மிக்கிட்டேதான் கஞ்சி காச்சறோம். அது கிடக்கட்டும்.

கையைப் புடிச்சு ஓன்னு அழணும் போல இருந்துச்சு எனக்கு. அழல. அன்னிக்கு மாவுக்கட்டு மாத்தற நாள், வெந்நி வெக்கப் போயிட்டேன்.

ஆடி முடியறதுக்குள்ள பேத்திக்கு மாவுக்கட்டை எடுத்துட்டாங்க. சாயபுவே நல்ல மெதுவான தோல் குடுத்து, ஆம்பூர்ல சொல்லி பூட்ஸ் தைக்க வெச்சு அனுப்பினார், குட்டி பூட்ஸ், கணுக்கால் வரைக்கும் லேஸ் கட்டி. அதைப் போட்டுக்கிட்டு மொதல்ல செவுத்தைப் புடிச்சா. அப்புறம் என் புடவையைப் புடிச்சா. ஒரு நாள் எதையும் புடிக்கல. சம்பந்தியம்மா வந்து பார்த்துட்டு மறுபடியும் மூக்கைச் சிந்தினா, அது வேற சிந்தல். ஆஸ்பத்திரியில இப்ப அடுத்த மண்டியையும் கேக்கப் போறாங்களாம். கேட்டா சாயபு ஓடிடுவார்னு நர்சம்மா சொல்றாங்க. நான் விடுவேனா? நானே போய் நிப்பேன். இந்த வாட்டி எனக்கு உதறல் கிதறல் ஒண்ணும் இல்ல, நானும்...

இன்னா சத்தம் அது? கோழி ஏன் இப்படிக் கத்துது?

அடியே! அடியே, வாசல் தாண்டிட்டா பாரு! கோழியைத் தொரத்திக்கிட்டு பட்டை வண்டி வர்ற பாதைக்கே போறா! நடக்கல மே, ஓடறா. காலு நேரான நாள்லேர்ந்து ஒரு நிமிஷம் ஒரு எடத்துல நிக்கறாளா? இந்தா, இந்தத் துடுப்பைப் புடி. அடுப்புல களி இருக்கு, கிண்டிக்கிட்டே இரு, விட்டா கட்டி தட்டிடும். நான் போய் அவளைப் புடிச்சிட்டு வர்றேன்.